கிழட்டு விலங்குக்கு வாய் காய்ந்தால் குற்றவாளி சுரப்பிதானா?

பிப்ரவரி 3

வந்த கேள்வி: "பதின்மூன்று வயது நாய். ஈறு விரலில் ஒட்டுகிறது, எச்சில் நூல்நூலாக இழுக்கிறது. வயதானால் உமிழ்நீர்ச் சுரப்பி சுருங்கி எச்சில் வற்றும், எல்லா விலங்குக்கும் இதுதான் என்று படித்தேன். சுண்டெலி ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, அப்படித்தானே?"

அப்படி இல்லை. இதில் மூன்று விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. சுரப்பியின் திசு வயதோடு மாறுகிறது, அது உண்மை. சுரக்கும் அளவு குறைகிறதா என்பது எந்தச் சுரப்பி, எந்த விலங்கு, எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. வாய் காய்வதோ இந்த இரண்டும் இல்லாமலே வரக்கூடியது. கிழட்டு நாய்க்கு வாய் காய்ந்தால் முதலில் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும், அடுத்து தண்ணீர்க் கிண்ணத்தை, அடுத்து இரத்தப் பரிசோதனையை. சுரப்பியின் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

பிப்ரவரி 3, இரவு

எந்த மருந்துகள் என்று கேட்டிருக்கிறார்கள். சுரப்பியைத் தூண்டும் நரம்பு வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைத் தடுக்கும் எதுவும். அட்ரோபின், கிளைகோபைரோலேட் எல்லோருக்கும் தெரியும். கவனத்திலிருந்து நழுவுபவை: நடத்தைக் கோளாறுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், குளோமிப்ரமின்; அரிப்புக்குத் தரும் டைஃபென்ஹைட்ரமின்; சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின். இதய நோய்க்கான ஃப்யூரோசமைட் சுரப்பியை நேராகத் தடுக்காது. உடம்பின் நீரை இறக்கிவிடுகிறது, எச்சிலும் சேர்ந்து இறங்குகிறது. கண்ணில் விடும் அட்ரோபின் சொட்டை மறக்க வேண்டாம். கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் வாய்க்கும் இறங்கிவிடும். அந்தக் கசப்பில் பூனை முதலில் நுரை தள்ளும், அப்புறம் அதே பூனைக்கு வாய் காயும்.

பிப்ரவரி 4

திசுவில் நடப்பது என்ன? உமிழ்நீர்ச் சுரப்பியில் இரண்டு வேலைக்காரர்கள். நீரையும் புரதத்தையும் உண்டாக்கும் அசினார் செல்கள். அந்த நீரை வழியிலேயே பதம் பார்த்து உப்பை எடுத்துக்கொள்ளும் குழாய்ச் செல்கள். வயதாக ஆக அசினார் பங்கு குறைகிறது. அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. குழாய்கள் அங்கங்கே விரிகின்றன. நிணநீர்ச் செல்கள் குழாய்களைச் சுற்றிக் குவிகின்றன. மனிதரில் ஆன்கோசைட் எனப்படும், மைட்டோகாண்ட்ரியா பிதுங்கி வீங்கிய செல்களும் கூடுகின்றன. மனிதரின் தாடையடிச் சுரப்பியில் அசினார் கொள்ளளவு இளமையிலிருந்து முதுமைக்குள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்குகிறது.

மூன்றில் ஒரு பங்கு போனால் எச்சிலும் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டுமே என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் இளம் சுரப்பிக்குத் தேவைக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. முதுமை முதலில் தின்பது அந்தக் கையிருப்பை. தேய்ந்த இன்ஜினும் சமதரையில் வண்டியை இழுத்துவிடும், மேடு வந்தால்தான் தெரியும். அந்த மேடு என்பது இங்கே ஒரு மருந்து, ஒரு காய்ச்சல், ஒரு நாள் தண்ணீர் குடிக்காமை. இளம் நாய்க்கும் கிழட்டு நாய்க்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தும் கிழட்டுக்கு மட்டும் வாய் காய்வது இதனால்தான்.

பிப்ரவரி 4, பின்னர்

"மனிதரில் நிரூபணம் உண்டா?" உண்டு, அதுவும் சுவாரசியமாக. 1981-இல் புரூஸ் பாம் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பால்டிமோர் முதுமை ஆய்வில் இருந்தவர்களின் காதடிச் சுரப்பியைத் தூண்டி அளந்து, வயதோடு சுரப்பு குறையவில்லை என்று காட்டினார். அதுவரை முதியவருக்கு வாய் காய்வது இயற்கை என்றே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு கதை கொஞ்சம் திரும்பியது. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மொத்த எச்சிலும் தாடையடி, நாவடிச் சுரப்பிகளின் சுரப்பும் வயதோடு குறைகின்றன, காதடிச் சுரப்பியும் சிறு சுரப்பிகளும் குறையவில்லை என்றது. மருந்துகளை மட்டும் வைத்து அந்தக் குறைவை விளக்கிவிட முடியாது என்றும் சொன்னது.

ஆக "எல்லாம் மருந்துதான், வயது ஒன்றும் செய்வதில்லை" என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். ஓய்வில் வாயை நனைத்து வைப்பதில் பெரும்பங்கு தாடையடிச் சுரப்பியுடையது. குறைவதும் அதுதான் என்றால், தின்னும்போது சாதாரணமாகவும் இரவில் காய்ந்தும் ஒரே வாய் இருக்க முடியும்.

பிப்ரவரி 6

செல்லுக்குள் வயது எங்கே கடிக்கிறது என்று கேட்டவருக்கு. நீர் சுரக்கும் சங்கிலியை ஒரு முறை வரிசையாகப் பார்த்துக்கொள்வோம்.

நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வருகிறது, செல்லின் மேல் அதைப் பிடிக்கும் எம்3 ஏற்பியில் அமர்கிறது. உள்ளே ஐபி3 என்ற தூது மூலக்கூறு உருவாகி, செல்லின் கால்சியக் கிடங்கான எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் ஏறியதும் எச்சில் வெளியேறும் மேற்புறத்தில் இருக்கும் டிஎம்இஎம்16ஏ என்ற குளோரைடு வாசல் திறக்கிறது. குளோரைடு வெளியே பாய்கிறது, செல்களின் இடுக்கு வழியாகச் சோடியம் பின்தொடர்கிறது, உப்பு போன பக்கம் நீர் போகிறது. நீருக்கான பாதை அக்வாபோரின் 5. செலவான குளோரைடை அடிப்பக்கத்திலிருந்து நிரப்புவது என்கேசிசி1 என்ற கடத்தி. அக்வாபோரின் 5 இல்லாமல் பிறந்த சுண்டெலியை, எச்சில் சுரக்கவைக்கும் பைலோகார்பின் மருந்தால் தூண்டினால் எச்சில் 60 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. வருவதும் கெட்டியாக, உப்பு மிகுந்து வருகிறது.

கிழட்டு எலியின் காதடிச் சுரப்பியில் பழுது பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் நடுவில். ஏற்பிகள் ஏறக்குறைய இருக்கின்றன, செய்தி உள்ளே போகிறது, கால்சியம் மட்டும் முன்போல் எழுவதில்லை. 1980-களில் அட்ரினலின் வகைச் செய்தி வந்து சேரும் ஆல்ஃபா ஏற்பி வழியில் இதைக் காட்டினார்கள். அக்வாபோரின் 5 இன்னொரு இடம். இளம் எலியில் அசிட்டைல்கோலின் வந்ததும் அது செல்லின் உள்ளிருந்து மேற்புறச் சவ்வுக்கு நகர்கிறது. கிழட்டு எலியில் அந்த நகர்வு மங்கிவிடுகிறது. கதவு செய்து வைத்திருக்கிறது, நிலையில் பொருத்த ஆள் வரவில்லை.

புரதத்தின் பாதை வேறு. மாவைச் செரிக்கும் அமைலேஸ் நொதி நிறைந்த துகள்களை வெளியே தள்ளுவது முக்கியமாக அட்ரினலினின் பீட்டா ஏற்பியும், சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறும் சேர்ந்த வழி. அதனால் நீர் குறைந்தும் புரதம் குறையாமலும் இருக்கலாம். எச்சில் நூலாக இழுப்பதற்கு அது ஒரு காரணம்.

பிப்ரவரி 7

"ஏற்பிகள் குறைவதில்லை என்றால் பைலோகார்பின் கொடுத்தால் சரியாகிவிடுமா?"

பைலோகார்பின் தட்டுவதும் அதே எம்3 கதவைத்தான். மிச்சமிருக்கும் அசினார் செல்லை உசுப்பும். இல்லாத செல்லை உண்டாக்காது. நாய்க்கு வாந்தி, பேதி, இதயத் துடிப்பு குறைதல் எல்லாம் கூடவே வரும். முதுமையில் இதயம் ஏற்கெனவே பலவீனம் என்றால் மருத்துவர் தயங்குவது சரியே. நரம்புக் கோளாறால் கண் உலர்ந்து, அதே பக்கத்து மூக்குத் துவாரமும் காய்ந்து வெடித்திருக்கும் நாய்க்குத்தான் இந்த மருந்துக்குத் தெளிவான இடம் உண்டு. இந்தக் கேள்வியின் நாய்க்குக் கண்ணீர் அளந்து பார்த்தார்களா? கண்ணீரை உறிஞ்சி அளக்கும் ஷிர்மர் தாளில் ஒரு நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கண்ணையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 9

சுண்டெலி ஆய்வுகள் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவற்றில் பாதியை நம்புவதற்கு முன் செய்முறைப் பகுதியைப் படிக்க வேண்டும். வழக்கமான முறை இது: கெட்டமினும் சைலசினும் போட்டு மயக்கம், கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் அளவில் பைலோகார்பின், எடை தெரிந்த குழாயில் 10 முதல் 20 நிமிடம் வாயிலிருந்து சேகரிப்பு, மறுபடி எடை. ஒரு கிராம் ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கு. எளிமையாகத் தெரியும். கெடுவதற்கு இடம் நிறைய.

ஒன்று, சைலசின். அது ஆல்ஃபா 2 என்ற அட்ரினலின் ஏற்பி வழியில் எச்சிலைத் தானே அடக்கும். கிழட்டுச் சுண்டெலி மயக்க மருந்தை மெதுவாகக் கழிக்கிறது. ஒரே அளவு போட்டாலும் கிழட்டில் அடக்கம் அதிகம், நீளம். சுரப்பி குறைந்தது என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு ஈரல் குறைந்ததாக இருக்கலாம்.

இரண்டு, குளிர். மயங்கிய சுண்டெலி சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடும், மெலிந்த கிழம் இன்னும் சீக்கிரம். உடல் வெப்பம் இறங்கினால் சுரப்பும் இறங்கும். சூடு தரும் பலகையை வைத்தால் மட்டும் போதாது, ஆசனவாயில் வெப்பமானி வைத்து 37 டிகிரியை ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

மூன்று, ஒப்பிடும் வயது. ஆறு வாரக் குட்டியையும் 24 மாதக் கிழத்தையும் பக்கத்தில் வைத்தால் அளப்பது முதுமை அல்ல, வளர்ச்சியும் முதுமையும் சேர்ந்த கலவை. இளையவை மூன்று முதல் ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நடுவில் 12, 18 மாதக் கூட்டம் இருந்தால்தான் சரிவு எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியும். இரண்டே புள்ளிகளை வைத்துக் கோடு போட்டுவிட்டு "படிப்படியாகக் குறைகிறது" என்று எழுதுவது ஒரு தனிக் கலை.

நான்கு, ஒரே அளவு தூண்டல். உச்ச அளவில் தூண்டினால் கையிருப்பு உட்பட எல்லாம் வெளிவரும், ஓய்வுநிலை தெரியாது. மிகக் குறைவாகத் தூண்டினால் மருந்து உறிஞ்சப்படும் வேகமே முடிவைத் தீர்மானிக்கும். குறைந்தது மூன்று அளவுகளில் பார்க்க வேண்டும். உச்சத்தில் சமமாகவும் நடு அளவில் தாழ்ந்தும் இருந்தால் பழுது செய்தி கடத்தலில். உச்சமே தாழ்ந்தால் செல்கள் எண்ணிக்கையில் குறைந்திருக்கின்றன.

பிப்ரவரி 9, சேர்க்கை

வகுக்கும் எண்ணைச் சொல்ல விட்டுப்போயிற்று. முடிவைப் பெரும்பாலும் உடல் எடையால் வகுத்துத் தருகிறார்கள். கிழட்டுச் சுண்டெலி கொழுத்திருக்கும். மேலே ஏறிய கிராமெல்லாம் கொழுப்பு. சுரப்பி அதற்கேற்ப வளராது. மொத்த எச்சில் மாறாமலே இருந்தும் "கிராமுக்கு" என்று போட்டவுடன் சரிவு தோன்றிவிடும். மருந்தையும் உடல் எடைக்கேற்பவே கொடுத்திருப்பார்கள், ஆக கொழுத்த கிழத்துக்கு மொத்தத்தில் கூடுதல் மருந்து. இரண்டு பிழையும் ஒரே திசையில் தள்ளுவதுகூட இல்லை. மொத்த அளவு, உடல் எடைக்கு, சுரப்பி எடைக்கு என்று மூன்றையும் தந்தால் படிப்பவர் தானே பார்த்துக்கொள்வார்.

பிப்ரவரி 10

சுரப்பி எடை என்று சொல்லியாயிற்று, அதிலும் ஒரு குழி. சுண்டெலியில் தாடையடியும் நாவடியும் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். உருப்பெருக்கியின் கீழ்ப் பிரிக்காமல் நிறுத்தால் இரண்டும் சேர்ந்த எடை வரும். பக்கத்திலேயே நிணநீர் முடிச்சுகள் உருண்டையாகக் கிடக்கும், கிழத்தில் அவை பெருத்திருக்கும். காதடிச் சுரப்பி இன்னும் மோசம். காதுக்குக் கீழே மெல்லிய விரிப்பாகப் பரவி, கொழுப்போடு கலந்து கிடக்கும். அதன் பக்கத்தில் கண்ணீர்ச் சுரப்பி ஒன்றும் இருக்கிறது. எச்சில் சுரப்பியில் அமைலேஸே காணோம், முதுமையின் கொடுமை என்று சிலர் வியப்பதற்குப் பின்னால் ஒரு கண்ணீர்ச் சுரப்பி நிற்கக்கூடும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது நல்லது.

பிப்ரவரி 13

"கிழட்டு எலியின் காதடிச் சுரப்பி எடை குறைந்திருப்பது நிச்சயம், நிறுத்துப் பார்த்தாயிற்று" என்கிறார் ஒருவர். சரி, அந்த எலி என்ன தின்றது?

காதடிச் சுரப்பி மெல்லும் வேலையால் வாழ்கிறது. இளம் எலிக்கே கட்டித் தீவனத்தை நிறுத்தி நீர்த்த தீவனம் கொடுத்தால் காதடிச் சுரப்பி சில வாரங்களில் சுருங்கும், அசினார் செல்கள் சிறுக்கும், அமைலேஸ் விழும். தாடையடிச் சுரப்பி அவ்வளவாக அசையாது. மறுபடி கட்டித் தீவனம் கொடுத்தால் காதடிச் சுரப்பி திரும்ப வளரும். 1960-களிலேயே தெரிந்த விஷயம் இது. கிழட்டு எலிக்குப் பல் வளைந்தோ உடைந்தோ போனால் கூண்டுக்காரர் இரக்கப்பட்டுத் தீவனத்தை நனைத்து வைப்பார். சில மாதம் கழித்து ஆய்வாளர் வந்து "முதுமைச் சுருக்கம்" என்று குறிப்பெழுதுவார். இது உழைக்காததால் வந்த சுருக்கம், திரும்பக்கூடியது. சுரப்பியை எடுப்பதற்கு முன் பல்லைப் பார்த்துப் பதிவு செய்திருந்தால் ஒழிய இரண்டையும் பிரிக்க முடியாது.

தின்றது எப்போது என்பதும் உண்டு. எலி இரவில் தின்னும். தின்ற உடனே எடுத்த சுரப்பியில் அமைலேஸ் துகள்கள் காலியாக இருக்கும், பல மணி நேரம் பட்டினி கிடந்ததில் நிறைந்திருக்கும். இளையவற்றைக் காலையிலும் கிழங்களை மாலையிலும் எடுத்தால் கிடைப்பது முதுமை வித்தியாசம் அல்ல, கடிகார வித்தியாசம்.

பிப்ரவரி 14

குதிரை, மாடு பற்றிக் கேட்டார்கள். முந்தைய குறிப்பின் நீட்சியே இது.

குதிரையின் காதடிச் சுரப்பி மென்றால்தான் சுரக்கும். தீவனத்தைக் கண்டதும் நாயைப் போல் வடிக்காது. ஒரு கிலோ உலர்புல்லுக்குச் சுமார் 3000 முறை மெல்கிறது, அதே எடை ஓட்ஸுக்கு ஆயிரம் முறைகூட மெல்வதில்லை. கிழட்டுக் குதிரையின் கடைவாய்ப் பல் தேய்ந்து வழுவழுப்பாகும், அலைபோல் மேடுபள்ளமாகும், சில விழுந்தும் போகும். மெல்வது குறைந்தால் எச்சில் குறைகிறது, கவளம் நனையாமல் கரடாகவே இறங்குகிறது, உணவுக்குழாயில் அடைக்கிறது. பாதி மென்ற புல் உருண்டைகள் தொட்டியடியில் கிடந்தால் முன்னெச்சரிக்கை. சுரப்பி இங்கே நன்றாகவே இருக்கிறது, ஆணையிடும் பல்தான் போய்விட்டது. தீர்வும் அதற்கேற்ப: பல்லைச் சீர்செய்வது, குச்சித்தீவனத்தைக் கஞ்சிப் பதத்துக்கு ஊறவைத்துக் கொடுப்பது. உலர்ந்த குச்சித்தீவனத்தை அப்படியே கொட்டுவது அடைப்பை வாங்கி வைப்பது.

மாடு வேறு உலகம். நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் சுரக்கிறது, பி.எச். 8-க்கு மேல், பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்தது. முதல் இரைப்பையின் அமிலத்தை அடக்குவதே அதன் முக்கிய வேலை. மாட்டின் காதடிச் சுரப்பி தூண்டல் இல்லாமலும் ஓயாமல் சுரக்கும். தின்னும்போதும் அசைபோடும்போதும் வேகம் ஏறும். பல் தேய்ந்த கிழட்டுப் பசுவுக்கு "பாவம், மெல்ல முடியவில்லை" என்று நார்த்தீவனத்தைக் குறைத்து அடர்தீவனத்தை ஏற்றினால், அசைபோடும் நேரமும் எச்சிலும் குறைகின்றன, அமிலம் ஏறுகிறது. நாரின் நீளத்தைக் குறைக்கலாம், நாரையே எடுத்துவிடக் கூடாது.

பிப்ரவரி 17

ஆண், பெண் வேறுபாடு. சுண்டெலியின் தாடையடிச் சுரப்பியில் துகள் நிறைந்த சுருள் குழாய் என்று ஒரு பகுதி உண்டு, மனிதரில் இல்லாதது. ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டது, ஆணில் மிகப் பெரியது. நரம்பு வளர்ச்சிக் காரணியும் மேற்தோல் வளர்ச்சிக் காரணியும் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. ஸ்டான்லி கோஹென் இரண்டையும் எடுத்தது ஆண் சுண்டெலியின் இந்தச் சுரப்பியிலிருந்துதான். 1986 நோபல் பரிசு அவருக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் சேர்ந்து கிடைத்தது.

கிழட்டு ஆணில் ஹார்மோன் இறங்க, இந்தக் குழாய்கள் சிறுக்கின்றன, வளர்ச்சிக் காரணியும் இறங்குகிறது. சுரப்பி மொத்தத்தில் இளைக்கும். அசினார் செல் ஒன்றுகூடக் குறையாமலே எடை குறையலாம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பெண் சுண்டெலிக்கு வேறு தொல்லை: சி57 கறுப்பு என்ற ஆய்வக வகையில் வயதான பெண்களின் சுரப்பியில் நிணநீர்ச் செல் குவியல்கள் அதிகம். ஆணையும் பெண்ணையும் கலந்து சராசரி போட்டால் இரண்டு கதையும் அழிந்துவிடும். இந்த ஆண் சுருக்கத்தை அப்படியே நாய்க்கும் மனிதருக்கும் பொருத்துவதும் ஆகாது, அந்தக் குழாயே அங்கு இல்லை.

பிப்ரவரி 20

"அளவை விடுங்கள், எச்சிலின் கலவை மாறுகிறதா?"

மாறும், ஆனால் அளவை விட்டுவிட்டுக் கலவையைப் படிக்க முடியாது. அசினார் செல் விடும் முதல் நீரில் சோடியம் இரத்தத்தை ஒத்திருக்கும். குழாய் வழியே வரும்போது சோடியம் எடுக்கப்படுகிறது. மெதுவாக வந்தால் குழாய்க்கு நேரம் கிடைக்கும், சோடியம் நன்றாகக் குறையும். வேகமாக வந்தால் எடுக்க நேரமில்லை, சோடியம் ஏறும். ஆகவே சுரப்பு குறைந்த கிழட்டு விலங்கில் சோடியம் தாழ்ந்திருந்தால் குழாய் வேலை செய்கிறது என்று பொருள். சுரப்பும் குறைந்து சோடியமும் ஏறியிருந்தால் குழாயிலும் பழுது; அழற்சியைத் தேட வேண்டும்.

அதிலும் ஒரு விதிவிலக்கு. அசைபோடும் விலங்கில் சோடியம் ஒரு கையிருப்பு. உடலில் சோடியம் குறைந்தால் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் ஏறி, எச்சிலில் சோடியத்தின் இடத்தைப் பொட்டாசியம் பிடிக்கும். உடலியல் ஆய்வாளர் டெரெக் டென்டன் செம்மறி ஆடுகளில் காதடிக் குழாயை வெளியே திருப்பி இதை விரிவாகக் காட்டினார். கிழட்டு ஆட்டின் எச்சிலில் பொட்டாசியம் கூடியிருந்தால் முதுமைக்கு முன் நக்கக் கொடுக்கும் உப்புக் கட்டியைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

ஐஜிஏ போன்ற நோயெதிர்ப்புப் புரதங்களிலும் இதே கணக்கு. "கிழத்தில் ஐஜிஏ செறிவு அதிகம்" என்றால் சுரக்கும் நீர் குறைந்ததாலேயே இருக்கலாம். செறிவை நிமிட அளவால் பெருக்கி, நிமிடத்துக்கு எவ்வளவு வந்தது என்று பார்த்தால்தான் பேச முடியும்.

பிப்ரவரி 22

எதிர்க் கேள்வி: "என் கிழட்டுப் பூனைக்கு ஒழுகுகிறது. சுரப்பி அதிகம் சுரக்கிறதா?" பெரும்பாலும் இல்லை. விழுங்க முடியாத எச்சில் வெளியே வருகிறது. பல் அரிப்பு, ஈறு அழற்சி, நாக்கடியில் கட்டி, சிறுநீரக நோயின் குமட்டல். முயலுக்கு ஒழுகினால் கடைவாய்ப் பல். வயதான பூனைகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் மிகப் பரவலானது. அதில் நீர் இழப்பால் வாய் காய்வதும் குமட்டலால் ஒழுகுவதும் மாறி மாறி வரும். இரண்டிலும் சுரப்பி பார்வையாளர்தான்.

நாயில் தாடைக்கடியில் வலியில்லாத மெத்தென்ற வீக்கம் வந்தால் அது வேறு. நாவடிச் சுரப்பியோ அதன் குழாயோ கிழிந்து எச்சில் திசுவுக்குள் தேங்கிய பை அது. ஊசியில் உறிஞ்சினால் நூலாக இழுக்கும் பிசின் வரும். உறிஞ்சிவிட்டு விட்டால் மறுபடி நிரம்பும், சுரப்பியை எடுப்பதே தீர்வு. கண்ணுக்குக் கீழே கன்ன எலும்புச் சுரப்பியிலும் இது வரலாம், அப்போது கண் பிதுங்கும். வயதானதால் வருவது அல்ல இது. கிழட்டு நாயில் வந்தால் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிப்ரவரி 26

முதல் கேள்வியின் நாய்க்குத் திரும்புவோம். சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. தின்று அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மேல் உதட்டைத் தூக்கி, மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். காதடிச் சுரப்பியின் குழாய் அங்கேதான் சிறு மேடாகத் திறக்கிறது. நாக்கில் நீர்த்த சிட்ரிக் அமிலம் ஒரு சொட்டு. சில நொடிகளில் அந்த மேட்டில் தெளிந்த துளி எழுந்தால் அந்தச் சுரப்பி உயிரோடு இருக்கிறது. மற்ற பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால் குழாய் அடைப்பு அல்லது நரம்பு. முதுமை ஒரு பக்கமாக வராது.

அளவு வேண்டும் என்றால், எடை பார்த்த உறிஞ்சுதிரியைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே இரண்டு நிமிடம் வைத்து, உடனே மூடியுள்ள குழாயில் போட்டு நிறுக்க வேண்டும். திறந்து வைத்தால் ஆவியாகும். திரியை நாய் விழுங்காதபடி நீளமாக வைத்து ஒரு முனையைப் பிடித்திருக்க வேண்டும். ஹார்மோன் அளக்கப் போகிறார்கள் என்றால் அமிலச் சொட்டு கூடாது, பருத்தியும் கூடாது. பருத்தி சில ஹார்மோன்களின் அளவையும் ஐஜிஏ அளவையும் கெடுக்கும்.

அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லின் வெளிப்புறத்தில் காரை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாயின் எச்சில் காரத்தன்மை உள்ளது, பல்படலத்தைச் சீக்கிரம் கல்லாக்கும். குழாய் திறக்கும் இடத்துக்கு எதிரே கல் அதிகம் சேரும். வற்றிய வாய் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு வலியால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும்.

பிப்ரவரி 27

அவசரக் குறிப்பு. மனிதருக்கான வாய் ஈரப்பதத் தெளிப்பான், ஜெல் எதையும் நாய்க்குப் போடும் முன் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உண்டு. நாயில் அது இன்சுலினைக் கொட்டவைத்து இரத்தச் சர்க்கரையை வீழ்த்தும்; கிலோவுக்கு 0.1 கிராமே போதும். 0.5 கிராம் அளவில் ஈரலையும் அழிக்கும். வாய் காய்கிறது என்று தெளித்து நாயையே இழக்கக் கூடாது.

செய்யக்கூடியவை சாதாரணமானவை. ஈரத் தீவனம், இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர், காரைச் சுத்தம், 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி, காரணமான மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது. மாத்திரையை உலர்ந்த வாயில் போட்டுவிட்டு நகரக் கூடாது. பூனையில் உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நிற்கும், டாக்ஸிசைக்ளின் என்றால் அங்கேயே புண்ணாக்கிச் சுருக்கிவிடும். பின்னாலேயே 5, 6 மில்லி தண்ணீர் போக வேண்டும்.

மார்ச் 2

"எல்லா விலங்குக்கும்" என்று முதல் கேள்வியில் இருந்ததால் கொஞ்சம் தடம் மாறலாம். உண்ணி வயிறு நிறைய இரத்தம் குடித்து விழுந்தால், பெண் உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பி சுமார் நான்கு நாளில் கரைந்துவிடுகிறது. தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் ஹார்மோன் இட்ட கட்டளை அது. பழ ஈயின் புழுப்பருவச் சுரப்பியும் அதே ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு, கூட்டுப்புழு ஆன சில மணி நேரங்களில் தானே அழிகிறது. இவை முதுமை அல்ல, திட்டமிட்ட முடிவு.

தேனீ இன்னும் விசித்திரம். தலையில் இருக்கும் தொண்டையடிச் சுரப்பி, கண்டிப்பாகப் பார்த்தால் உமிழ்நீர்ச் சுரப்பியின் பங்காளி. புழுக்களுக்கு ஊட்டும் இளம் வேலைக்காரத் தேனீயில் அது பருத்து, ஊட்டப்பால் புரதத்தைச் சுரக்கும். வயதாகி வெளியே தேன் தேடப் போனதும் சுருங்கி, சர்க்கரையை உடைக்கும் நொதிக்கு மாறும். கூட்டில் இளையவை இல்லாமல் போனால் வெளியே போன கிழமும் திரும்பி ஊட்டத் தொடங்கும், சுரப்பியும் மறுபடி பருக்கும்.

மார்ச் 5

செல் முதுமையைச் சாயம் போட்டுக் காட்டுவது பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. பீட்டா காலக்டோசிடேஸ் சாயத்தைப் பி.எச். 6.0-இல் போட்டு நீலம் வந்தால் கிழட்டுச் செல் என்கிறார்கள். அந்த நொதி செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் எப்போதும் இருப்பதுதான். சுரப்பியின் குழாய்ச் செல்களில் லைசோசோம் அதிகம், இளம் சுரப்பியிலும் நீலம் வரும். பி.எச். 0.2 தவறினாலே படம் மாறும். கூடவே செல் பிரிவை நிறுத்தும் பி16, பி21 புரதங்களைப் பார்க்காமல் எண்ணக் கூடாது. ஒளிர்சாயம் என்றால் கிழத்திசுவில் சேரும் கழிவு நிறமியான லிப்போஃபுசின் தானாகவே ஒளிரும். சூடான் பிளாக் பி என்ற கருஞ்சாயம் போட்டு அதை அணைத்துவிட்டு, சாயமே போடாத ஒரு வெட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கொழுப்பைக் காட்ட விரும்பினால் உறைவெட்டில் ஆயில் ரெட் ஓ சாயம். மெழுகில் பதித்த வெட்டில் கொழுப்பு கரைந்து போய் வெள்ளை ஓட்டைகள் மட்டும் இருக்கும், அவற்றை விரிந்த குழாய் என்று எண்ணிவிடும் மென்பொருள்களும் உண்டு.